இரண்டாவது குழாய்

மார்ச் 4

குருவிக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. சரி, கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு நான் போனில் கத்தியது அதிகம்தான். ஆனால் கத்தவைத்தது யார்? எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று உன்னிடம் முதலிலேயே சொன்னேன். சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் பெண்கள், அதாவது பட்டினி கிடப்பவர்கள், அள்ளி அள்ளித் தின்றுவிட்டு வாந்தி எடுப்பவர்கள், இவர்களுடைய ரத்தத்தில் பசி ஹார்மோன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கிறோம். அதை ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தொல்லை இல்லாத பெண்களும் வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்றவர்கள் ஊசி என்றதும் காணாமல் போனார்கள். அதனால்தான் உன்னைக் கெஞ்சினேன். வேலை செய்பவர்களின் சொந்தக்காரர்களை எடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. உனக்காகத் தோழி என்று பொய் சொன்னேன்.

நீயும் வந்தாய். எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. கேள்விகள் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாய். வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம். பிறகு ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது குழாய். இதில் என்ன கஷ்டம்?

கிரெலின் என்று ஒரு ஹார்மோன். வயிறு காலியானால் ஏறும், "போடு, போடு" என்று மூளையிடம் நச்சரிக்கும். சாப்பிட்டதும் இறங்கிவிடும். மற்ற எல்லாருக்கும் ஒழுங்காக இறங்கியது. உன்னுடைய இரண்டாவது குழாயில் மட்டும் ஏறின இடத்திலேயே நிற்கிறது. தலைமை டாக்டரம்மா அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "குழாய ஐஸ்ல வைக்காம எங்கயோ வேடிக்கை பாத்துட்டு நின்னிருக்கீங்க" என்றார். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு குழாய் கெட்டதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள், எனக்காக வெட்கப்பட்டு. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குழாயில் தப்பில்லை. நீ சாப்பிடவில்லை. சின்ன வயதில் மேசைக்கு அடியில் உன் தட்டிலிருந்து என் தட்டுக்கு எப்படியெல்லாம் சாப்பாடு வந்து சேரும் என்பது எனக்கு மறக்குமா? தின்றது நான், யானை என்று பெயர் வாங்கியதும் நான். உனக்குக் குருவி என்று செல்லப் பெயர். "சின்னவளுக்குப் பசியே கிடையாது, வளர்த்ததே தெரியல" என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவாள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ரொட்டியைக் கைப்பையில் போட்டிருப்பாய்.

சாப்பிடவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அதைக் காட்டி உன் குழாய்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், என் மானமும் பிழைக்கும். இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நான் சாப்பிட்டேன்.

ரொட்டி இரண்டையும் சாப்பிட்டேன். வெண்ணெய் முழுவதையும் தடவிச் சாப்பிட்டேன். முட்டையின் மஞ்சள் கருவைக்கூட விடவில்லை. பால் ஆறி ஆடை படிந்திருந்தது, அதையும் குடித்தேன். கைப்பையை வெளியே பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். நீ அந்த இடத்தில்தானே வேலை செய்கிறாய், அதுகூடத் தெரியாதா?

நீ கேட்ட வரியை எழுத முடியாது. பொய் எழுத எனக்கு ஒன்றும் கை நடுங்காது. ஆனால் இந்த ஒன்றில் மட்டும் மாட்டேன்.

கடையில் ஆர்டர் அதிகம். கேக்குக்கு கிரீம் பூசிப் பூசித் தோள் விட்டுப்போகிறது. இனி எழுதாதே. பதில் போட நேரமில்லை.


மார்ச் 15

குருவி,

எழுதாதே என்றால் எழுதாமல் இருப்பேனா.

உன் கடிதம் வந்த அன்று, உன்னை மடக்கிவிடலாம் என்றுதான் அன்று உனக்குச் சாப்பாடு கொடுத்த நர்ஸைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பொண்ணா? தட்டுல ஒரு பொடி இல்ல. விரலால ஒத்தி ஒத்தி எடுத்துச் சாப்பிட்டுச்சு" என்றார். சாப்பிட்டு முடித்ததும் நீ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாயாம். குளிருகிறதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாயாம். கண்ணில் நீர் வழிந்தது, ஊசி பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனியாக உறைய வைத்திருப்போம். உன்னுடையதை எடுத்து மறுபடி அளந்தேன். முந்தின எண்ணே வந்தது. இன்னொரு தடவை அளந்தேன். அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். நோயாளிப் பெண்களின் எண்களைத் திரையில் திறந்து, உன் எண்ணை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாந்தி எடுக்கும் பெண்களில் பலருக்கு இப்படித்தான், சாப்பிட்ட பிறகும் கிரெலின் இறங்க மறுக்கிறது. அவர்கள் நடுவில் உன் எண் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஒருவருடைய ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று நானே புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பேன். அதனால் உன்னிடமே கேட்கிறேன். கோபப்படாதே. சாப்பிட்ட பிறகு நீ என்ன செய்கிறாய்? கையை ஏன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாய்?

யாரிடமும் மூச்சு விடமாட்டேன். இது நமக்குள் இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என் கைக்கு வந்த மறுநாளே அம்மா கடை வாசலில் வந்து நின்றாள்.

ஒரு பிறந்தநாள் கேக்கில் ரோஜா பிழிந்துகொண்டிருந்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அம்மா நேராக முதலாளியிடம் போய், "இவ சாப்பிடறதே இல்லையாம். ரத்தத்துலயே தெரியுதாம். பெரியவ சொன்னா" என்றாள். முதலாளி சிரித்தார். "யாரு, இவளா? நாள் முழுக்க கிரீமுக்குள்ளயே கிடக்கிறவம்மா" என்றார். வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் ரோஜாவைப் பிழிந்துகொண்டே இருந்தேன். ஒரு ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குவியல் வந்து நின்றது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

பிறகு என் அறைக்கு வந்து, அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்ததை எல்லாம் திறந்து வைத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டையையே பார்த்தாள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். திருப்தியாகப் பஸ் ஏறினாள். பஸ் திரும்புவதற்குள் நான் கழிவறையில் இருந்தேன். இப்போது திருப்தியா உனக்கு?

சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டாயே, இதைத்தான் செய்கிறேன். வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே.

ஆனால் நீங்கள் எல்லாரும் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பசி இல்லை என்று நினைக்கிறீர்கள். அக்கா, எனக்குப் பசி அடங்கிய நேரமே கிடையாது. காலையில் கண் விழிக்கும்போதே அது விழித்திருக்கும். கேக் அடுப்பிலிருந்து வரும்போது அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வரும். நம் வீட்டில் நான் ஒரு தடவைகூட "பசிக்குது" என்று சொன்னதில்லை, கவனித்திருக்கிறாயா? சொன்னால் குருவி இல்லை என்றாகிவிடும். அந்தப் பெயர் போனால் அந்த வீட்டில் நான் வேறு யார்? படிப்பு உனக்கு. வாய் உனக்கு. எனக்கு இருந்த ஒரே பெருமை பசிக்காதது. அதுவும் பொய்.

இன்னும் இருக்கிறது. ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

கேக் வெந்ததும் நடுவில் குவிந்து நிற்கும். அதைச் சமமாகச் சீவினால்தான் மேலே கிரீம் உட்காரும். சீவின துண்டுகளைத் தட்டில் மூடி வைப்போம். மறுநாள் காலையில் அதை உதிர்த்து, கோகோ சேர்த்து, உருண்டையாகப் பிடித்து முதலாளி விற்பார். கடை மூடும் நேரத்தில், எல்லாரும் முன்பக்கம் இருக்கும்போது, நான் அந்தத் தட்டைத் திறப்பேன். நின்றபடியே தின்பேன். ருசிகூடத் தெரியாது. பாதித் தட்டு காலியான பிறகுதான் எனக்கு நானே தெரிவேன்.

தட்டு குறைவதை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற அக்காவைச் சந்தேகப்பட்டார். கடைசியாகப் பின்பக்கம் இருப்பது அவர்தான் என்று காரணம். எல்லார் முன்னாலும் அவருடைய பையைக் கொட்டச் சொன்னார். அதில் ஒரு கைத்துண்டும் சீப்பும்தான் இருந்தன. நான் அந்த இடத்திலேயே நின்றேன். கிரீம் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அக்கா. வாயைத் திறக்கவில்லை. அப்போதிலிருந்து அவர் போகும்போது முதலாளி கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்.

உன் ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தேன் தெரியுமா? "எந்தக் குறையும் இல்லாத பெண்கள் வேணும்டி" என்று நீ போனில் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டாவது குழாய்க்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டால் உன் கணக்கு கெட்டுப்போகும் என்று கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை வயிற்றில் வைத்துக்கொண்டேன். உனக்காக. அதைத்தான் நீ சாப்பிடவில்லை என்று எழுதினாய்.


மார்ச் 29

குருவி என்று எழுத வந்து அடித்துவிட்டேன். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தங்கச்சி, இப்போதைக்கு இது போதும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அம்மாவிடம் ஏன் சொன்னேன் என்று கேட்பாய். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன், பயமாக இருந்தது, போனை எடுத்தேன். உனக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த எண்ணைத் தனியாகச் சுமக்க எனக்கு முதுகு இல்லை. அம்மா இப்போது என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. "நான் வளத்ததுல என்னடி குறை" என்று கேட்டு அழுகிறாள். உன்னைப் பார்க்கப் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

உன் கடிதத்தை ஆய்வகத்தின் பின்கதவுப் படியில் உட்கார்ந்து படித்தேன். உள்ளே திரும்பிப் போய் ஹார்மோன் அளக்கும் அந்த இயந்திரத்தின் முகத்தில் விழிக்க முடியவில்லை. நாள் தவறாமல் பசியை அளக்கிறேன். எந்தப் பெண்ணின் பசி எவ்வளவு என்று தசமப் புள்ளியோடு சொல்வேன். என் தங்கை எதிரில் உட்கார்ந்து "எனக்கு வேண்டாம்" என்றால், சரி வேண்டாமாம் என்று அவள் பங்கையும் தின்றுவிட்டு எழுந்து போவேன். எனக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தலைமை டாக்டரம்மாவிடம் போனேன். குழாய் கெடவில்லை, சரியாகத்தான் இருந்தது என்றேன். அப்படியானால் எண் ஏன் இப்படி என்றார். உள்ளதைச் சொன்னேன்.

"அது என் தங்கச்சி, மேடம். தோழின்னு சொன்னது பொய். அவளுக்கு உடம்பு சரியில்ல. எனக்கு இத்தன நாளா தெரியாது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. விதியை மீறியதற்கு என்னை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டு, குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலையில் போட்டிருக்கிறார். அது சரிதான். எழுந்து வரும்போது ஒன்று கேட்டார்: "உங்க தங்கச்சி சாப்பிடலன்னு முதல்ல நெனச்சீங்களா?" ஆமாம் என்றேன். "இங்க வர்ற பொண்ணுங்க எல்லாரும் அதான் சொல்றாங்க. சாப்பிட்டேன்னா வீட்ல நம்பறதில்லையாம், சாப்பிடலன்னாலும் நம்பறதில்லையாம்" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, எண்ணைப் பார்த்தவளாகச் சொல்கிறேன். அன்று காலை நீ சாப்பிட்டாய். ஆனால் சாப்பிட்ட செய்தி உன் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. போதும் என்று சொல்ல வேண்டியது சொல்லவில்லை, போடு என்று சொல்வது நிறுத்தவில்லை. பட்டினியும் வாந்தியுமாக மாறி மாறிப் பழகிய உடம்பில் இப்படி ஆகலாம். சிலருக்கு ஆகிறது, சிலருக்கு இல்லை. நோயால் இது வந்ததா, இதனால் நோய் வந்ததா என்று எங்கள் டாக்டரம்மாவுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை குழாய்களும். ஆனால் தட்டைத் திறந்து நின்றபடி தின்கிறாயே, அது பேராசை இல்லை. உன்னைக் கெட்டவள் என்று காட்டும் எண் எதுவும் நான் பார்க்கவில்லை.

பாத்திரம் கழுவுகிற அந்த அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் மானம் பிழைக்க நீ பொய் எழுத வேண்டும் என்று கேட்டவள் நான்.

வியாழக்கிழமைகளில் இங்கே இதற்கென்றே ஒரு டாக்டர் உட்கார்கிறார். சாப்பாட்டுக்கு உதவ ஒருவரும், பேச ஒருவரும் கூட இருப்பார்கள். நாளாகும், ஒரே தடவையில் சரியாகிவிடாது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். வருகிறாயா? வரவில்லை என்றாலும் எழுது. அம்மாவிடம் போகாது. இந்தத் தடவை நீ நம்பவில்லை என்றால் அதற்கும் எனக்குக் கோபமில்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். அந்த அக்காவின் பையைக் கொட்டியது எல்லார் முன்னாலும்தானே என்று திரும்பி வந்து, எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். தட்டில் இருந்ததைத் தின்றது நான் என்றேன். ஏன் என்று கேட்டார். பசித்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. சீவுகிற மேசையிலிருந்து மட்டும் என்னை எடுத்துப் பெட்டி கட்டும் இடத்தில் போட்டிருக்கிறார். நீ சீட்டு ஒட்டுகிறாய், நான் பெட்டி கட்டுகிறேன். அம்மாவுக்கு வாய்த்த பிள்ளைகள்.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "என் பையக் கொட்டும்போது நீ என் மூஞ்சியப் பாத்த. நானும் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் என்னோடு பேசவில்லை. போகும்போது பையைத் திறந்து காட்டுவதை நிறுத்திவிட்டார், முதலாளியும் கேட்பதில்லை. அவர் என் பக்கம் திரும்பாமல் போகும்போதெல்லாம் முகம் எரிகிறது. எரியட்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அன்றோடு நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. நிற்கவில்லை. நேற்றும் நடந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வருகிறேன். சில நிபந்தனைகள். அம்மா வரக்கூடாது. நான் சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்காதே, தொண்டையைப் பார்க்காதே. சாப்பிட்டால் பாராட்டாதே. மிச்சம் வைத்தால் எடுத்துத் தின்னாதே. பழக்க தோஷத்தில் உன் கை நீளும், எனக்குத் தெரியும். கழிவறை இருக்கும் பக்கம் நீ உட்கார், நான் உள்பக்கம் உட்காருகிறேன். எழுந்தால் "எங்க போற" என்று மட்டும் கேள். குருவி என்று கூப்பிடாதே.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அன்று காலை நீ சாப்பிட்டாய்" என்று எழுதியிருக்கிறாய். அதன் பக்கத்தில் உன் எண்களும் டாக்டரம்மாவும் இல்லாமல் அந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

பஸ் வந்து சேரும்போது காலைச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். நீ வந்து நில். "சாப்டியா" என்று கேட்காதே. அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் நீ யோசிப்பாய். நானே முதலில் ஒன்று சொல்வேன். நேரில் வாய் வராமல் போனாலும் போகும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பசிக்கிறது, அக்கா. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் நம்பு.